முகத்தை மறைத்த சோதனை

மூளை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கணினியில் பிடித்துவிடலாம் என்று நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள் நான். ஆட்களுக்குப் படங்களைக் காட்டி, அப்போது மூளையில் எழும் துடிப்புகளைப் பதிவு செய்வார்கள். அதே படங்களைக் கணினி மாதிரிக்கும் கொடுப்போம். இரண்டும் ஒத்துப்போனால் கைதட்டல். ஏன் ஒத்துப்போகிறது என்று குடைவதுதான் என் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை.

அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டினான். போன வருஷம் மூளையின் பின்பக்கம் ரத்தம் கட்டி, எப்படியோ பிழைத்து வந்தான். பேப்பர் படிப்பான், ஊசியில் நூல் கோப்பான். முகம் மட்டும் யாருடையது என்று தெரியாது. "கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது, ஆளு யாருன்னுதான் தெரில பாப்பா" என்றான். குரலைக் கேட்டால் உடனே கண்டுகொள்வான்.

அண்ணிக்கு சிப்காட்டில் வேலை. சில மாதங்களில், மாலை கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி அவள் வாசலில் வந்து நின்றதும், வாய் திறக்கும் முன்பே அண்ணன், அவளை வழக்கமாகக் கூப்பிடுகிறபடி, "வந்துட்டியா மே?" என்று கேட்க ஆரம்பித்தான். வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அம்மா சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னாள். அண்ணி எனக்கு போன் செய்து அழுதாள். "என் மூஞ்சியப் பாத்து கூப்புடறாரு. என்னை அவருக்குத் தெரியுது."

அந்த வாரம்தான் என் கணினி மாதிரி கவிழ்ந்தது. முகங்களைக் கண்டுகொள்ளும் பகுதி என்று அதில் ஒன்றைக் காட்டி இரண்டு வருஷமாக மார்தட்டியிருந்தோம். படங்களில் முகத்தை மட்டும் கறுப்பாக மறைத்துக் கொடுத்தேன். அசரவில்லை, அதே பதில். தோளையும் சட்டைக் காலரையும் மறைத்ததும் வாயடைத்துப் போனது. பாழாய்ப்போன அது முகத்தைப் பார்த்ததே இல்லை. அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போனேன்.

சாயங்காலம் அண்ணியை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்கே போனேன். புடவைமேல் கம்பெனியின் நீல ஓவர்கோட்டோடு இறங்கினாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு அக்கா, அதே ஓவர்கோட்டில். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா, முதல்ல நீங்க பேசாம எங்க ஊட்டுக்குள்ள போயி நில்லுங்க" என்றேன்.

"இன்னா, டெஸ்ட்டா? செஞ்சு பாரு" என்று அண்ணி சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அக்கா உள்ளே போய் நின்றாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டியா மே?" என்றான்.

"நான் பக்கத்து ஊடுபா" என்றாள் அக்கா, கூசிப்போய்.

குரலைக் கேட்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு அப்படியே செத்துப்போனது. "நல்லாயிட்டேன்னு நெனைச்சுகினு இருந்தேன்" என்றான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் என் மாதிரியின் குட்டை உடைத்ததற்காகப் பாராட்டினார்கள். எது எதைப் பார்க்கிறது என்று குடையத் தெரிகிறது. அண்ணனுக்கு ஒரே ஒரு முகத்தைத் திருப்பித் தர எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் யார் வந்து நின்றாலும் அண்ணன் கூப்பிடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவர்களே பேசட்டும் என்று காத்திருக்கிறான். போன மாதம் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஓவர்கோட்ட பாத்துதான் கூப்ட்டாரு, சரி. ஆனா கூப்ட்டாரு இல்ல?"