உள்ளங்கையில் வராத குரல்
சேவூரில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியதில் கமலக்கண்ணனுக்குக் காது போய்விட்டது. இளவயதில் வேலூரில் ஒரு நண்பனின் அறையில் கேட்ட, இருட்டும் சோகமுமான கோதிக் ராக் பாட்டுகள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் அந்தப் பாடகர்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களை வரவழைத்து, கைபேசி அகராதியின் துணையோடு படிப்பார்.

"மாலை ஒண்ணுதான் பாக்கி. செத்தவங்க படம் மாதிரியே கீறாங்க," என்று அட்டையில் கறுப்பு உடையும் வெளுத்த முகமுமாக இருப்பவர்களைப் பார்த்து அவர் மனைவி ஹேமலதா சிரிப்பாள்.

கடைசியாக வந்த புத்தகத்தில் ஒரு பாடகனின் குரலைப் பற்றி மட்டும் நாலு பக்கம் இருந்தது. காது கேட்ட காலத்தில் அவனுடைய பாட்டு எதுவும் இவர் கைக்குக் கிடைக்கவில்லை. மூன்று நாளாக அந்த நாலு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். குரல் பிடிபடவில்லை.

அன்று சாப்பாட்டு நேரம், தறி நின்றிருந்தது. ஹேமலதா கைபேசியில் அந்தப் பாடகனின் பாட்டு ஒன்றைத் தேடிப் போட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் தறியின் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தாள். தறியில் கோளாறு என்றால் அவர் அங்கேதான் உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடிப்பார். இப்போதும் வைத்தார். டிரம்ஸ் வந்தது. பேஸ் கிடாரின் அதிர்வு மணிக்கட்டுவரை ஏறியது. குரல் மட்டும் வரவில்லை.

"எப்டி பாட்றான்? சொல்லு," என்று அவளிடம் கேட்டார்.

பாட்டு முடியும்வரை அவள் கேட்டாள். பிறகு, தறி ஓடும் இரைச்சலில் எல்லாரும் பேசிக்கொள்வதுபோல, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"கடைசி பஸ்சு போயிட்ச்சி. தெரிஞ்சிகினே அங்கியே நின்னுகினு பாட்றா மாதிரி கீது."

கமலக்கண்ணன் சட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு," என்றார்.