நாக்கோரத்து வெண்திட்டு

அறுபதுகளின் நடுப்பகுதியில், சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் வெள்ளிதோறும் பதிகம் ஓதும் குழுவுக்கு நான் முன்னின்று பாடினேன். முதலடியை நான் எடுத்துக் கொடுக்க, எதிரே அமர்ந்தவர்கள் தொடர்வார்கள். பகலில் துறைமுகக் கிடங்கில் எழுத்தர் வேலை, மாலையில் இறைபணி. இவ்விரண்டுக்கும் இடையில், புகையிலை சேர்த்த வெற்றிலைக்கும் நான் அடிமையாயிருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஒரு வெள்ளியன்று நான் வாயகலத் திறந்து இசையை நீட்டியபோது, எதிர்வரிசையிலிருந்த பெண்மணி ஒருவர் தொடர மறந்து என் வாயையே பார்த்தார். பல் மருத்துவர் ஒருவரிடம் தாதியாக இருந்தவர் அவர். பூசை முடிந்ததும் என்னைத் தூணோரம் அழைத்தார்.

“அண்ணே, நாக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு இருக்கே, எத்தனை நாளா?”

சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றேன். தீபாவளியிலிருந்து இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன். அப்போது மார்கழி.

“சுண்ணாம்பு சுட்டா ஒரு வாரத்துல ஆறிடும். ரெண்டு மாசம் நிக்காது. சனிக்கிழமை டாக்டர்கிட்ட வந்து காட்டுங்க.”

புற்று என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. ஆயினும் வீடு செல்லும் வழியெல்லாம் அதுவே என் காதில் ஒலித்தது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாக்கை அறுத்துவிட்டால் எதைக் கொண்டு பாடுவேன்?

சனிக்கிழமை நான் புறப்படும்போது, இரவு உணவுக்குப் பின் என்னோடு சரிக்குச் சரி வெற்றிலை போடும் என் மனைவி, கோயில் விபூதியைக் கொண்டுவந்து நாக்கை நீட்டச் சொன்னாள். ஒரு சிட்டிகை போதும்; ஆனால் அன்றைய அச்சத்தில் திட்டு மறையும்வரை அப்பினாள். நானும் கண்மூடி ஏற்றுக்கொண்டேன்.

மருத்துவர் சீனர், எங்கள் பேச்சு மலாயில் நடந்தது. விளக்கைத் திருப்பிச் சிறு கண்ணாடியை என் வாய்க்குள் விட்டவர் விளக்கை இன்னும் அருகே இழுத்தார். நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம், எங்கும் வெண்மை. எப்போது இவ்வளவு பரவியது என்று அவர் கேட்டார். தாதி எட்டிப் பார்த்தார்.

“விபூதி போட்டுக்கிட்டு வந்தீங்களா, அண்ணே?”

தாதி விளக்கியதும் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். மெல்லிய துணியால் துடைத்தார். விபூதி வந்துவிட்டது, அடியிலிருந்த பட்டாணி அளவுத் திட்டு வரவில்லை. சிரிப்பும் நின்றது.

அதன் ஓரங்களை விரலால் தடவினார். தாடையின் கீழும் கழுத்திலும் தொட்டுப் பார்த்தார். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. துடைத்தும் போகாத வெண்மையைக் கண்காணிக்க வேண்டும். தடிப்போ புண்ணோ இல்லாதது ஆறுதல் என்றார். மூன்று வாரம் வெற்றிலையும் புகையிலையும் கூடாது. அப்போதும் திட்டு இருந்தால் அரிசியளவு வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும்.

அதை விரதம் என்று எண்ணிக்கொண்டேன். விரதங்கள் எனக்குப் பழக்கமானவை. ஆனால் செய்தி தெரிந்த குழுவினர் என்னைச் சும்மா விடவில்லை. ஓதுவதற்குமுன் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்து, திட்டு உத்தரவு கொடுத்தால்தான் பாட்டு என்பார். பார்ப்பவர் தம் நாக்கையும் காட்ட வேண்டும் என்று நான் விதித்தேன். தை பிறப்பதற்குள் எல்லோர் வாயும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மூன்றாம் வாரம் மனைவியும் உடன் வந்தாள். மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். திட்டு இருந்த இடத்தில் மங்கிய கீற்று ஒன்றே எஞ்சியிருந்தது. வெட்ட வேண்டியதில்லை, வெற்றிலையை மறந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார். பிறகு நாற்காலியை என் மனைவிக்குக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க, நான் சும்மா கூட வந்தேன்.”

“உதடு செவந்திருக்கே, அக்கா,” என்றார் தாதி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியின்றி அமர்ந்து வாயைத் திறந்தாள். திட்டு ஏதும் இல்லை; அறிவுரை மட்டும் கிடைத்தது.

வெளியே வந்ததும் முந்தானை முடிச்சிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“மூணு வாரமா தனியாப் போட்டுப் பாத்துட்டேன்,” என்றாள். “ருசியே இல்லைங்க.”