காகிதத்தில் ஐம்பத்தைந்து

என் பெரியம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. அவளுடைய தொழிலாளர் அட்டையில் ஐம்பத்தைந்து. இந்த ஆறு வருட வித்தியாசத்தை உண்டாக்கியவள் நான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அட்டைக்கான படிவத்தை என் முன்னால் வைத்தாள். வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களைக் கட்டட வேலைக்குப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது.

"நாப்பத்தி மூணுன்னு போடு கண்ணு. தலைக்கு மை அடிச்சுக்கறேன். யாரு என் பல்லைப் பிடிச்சுப் பாக்கப் போறா?"

போட்டேன், என் அழகான கையெழுத்தில்.

பெரியப்பா இறந்த பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, தரை காய்ந்த பிறகுதான் சமையலறையில் அவள் படுக்கை விரியும். காலையில் முதலில் டீ கேட்பவர் யாரோ, அவர் அவளை எழுப்பிவிடுவார்.

சென்ற வருடம், நூறு வயது தாண்டிய பழைய தபால் நிலையத்தை அறுபது வயது நிறைந்தவர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாற்றும் வேலை தொடங்கியது. இடித்துத் தள்ளவில்லை. தடித்த சுவர்களையும் நீள ஜன்னல்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு. வெயில் இறங்காமல் கூரைக்கு அடியில் மரத்தூள் பலகை. கூரைமேல் சூரிய மின்தகடுகள். அந்தக் குடியிருப்பின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அறை அறையாகப் போய் வெப்பநிலையைக் குறிப்பேன். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, பன்னிரண்டு வருடம் கழித்தும் படிவம்தான் நிரப்புகிறேன்.

பெரியம்மாவுக்கும் அங்கேதான் வேலை, கீழே முற்றத்தில். தேவையற்ற தடுப்புச் சுவர்களிலிருந்து எடுத்த செங்கற்களைத் திரும்பவும் பயன்படுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். சாக்கை விரித்து உட்கார்ந்து, சின்னச் சுத்தியால் பழைய காரையைத் தட்டி உதிர்ப்பாள். ஒரு கல்லை இன்னொன்றின்மேல் தட்டுவாள். கணீரென்றால் நல்ல கல், வலப்பக்கம்; மந்தமாக ஒலித்தால் கழிவு, இடப்பக்கம்.

ஒருநாள் மதியம் முதல் மாடி மூலை அறையில் நான் வெப்பநிலை பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு," என்றாள்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மாலையே அவளுக்காக விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். வயது அறுபத்தொன்று. திரையில் சிவப்பாக வந்தது: தொழிலாளர் அட்டையுடன் வயது பொருந்தவில்லை. அதன் கீழே இன்னொரு வரி: பொய்த் தகவல் தந்தால் விண்ணப்பம் நிரந்தரமாக நிராகரிக்கப்படும். சரிசெய்ய மூன்று நாள்தான் கெடு. உண்மையைச் சொன்னாலும் ஆபத்து. அறுபது தாண்டியவர்கள் அந்த வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. முதியவர்களுக்கு வீடு கட்டும் இடத்தில் முதியவர்களுக்கு வேலை இல்லை!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு.

"அப்போ காகிதப்படி நான்தான் அக்கா! இவ்வளவு நாளா என்னை அதட்டினதுக்கு மன்னிப்பு கேளுடி."

"வாயை மூடு. உனக்கு மூக்கு துடைச்சு விட்டவ நான்."

"பெரியம்மா, அஞ்சு வருஷம் பொறுங்க. அட்டைப்படியே அறுபது ஆயிடும்," என்றேன். அந்த யோசனையில் என் வேலையைப் பற்றிய பயமும் கலந்திருந்தது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அஞ்சு வருஷம் அந்த ரூம் எனக்காகக் காத்துட்டிருக்குமா? போய்ச் சொல்லிடலாம். நீ சின்னப் பொண்ணு, நான் சொன்னதைத்தானே எழுதினே. உன்மேல ஒண்ணும் வராது."

என் பயத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மூவரும் குடியிருப்பு அதிகாரியின் முன் உட்கார்ந்தோம். அம்மா ஒரு தகர டப்பாவிலிருந்து தன் பள்ளிச் சேர்க்கைச் சீட்டை எடுத்து நீட்டினாள். மாணவி, வயது ஐந்து. அழைத்து வந்தவர்: மூத்த சகோதரி, வயது எட்டு. பக்கத்தில் சின்னதாய் ஒரு கட்டைவிரல் ரேகை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நீங்க பள்ளிக்கூடம் போகலையாம்மா?"

"போனேனே. தினமும் போவேன், இவளைக் கொண்டுபோய் விட."

"அட்டையில தப்பான வயசு போட்டது யாரு?"

"நான்தான் மேடம்," என்றேன், பெரியம்மா வாய் திறப்பதற்குள். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். "விண்ணப்பத்துல உண்மையான வயசுதான் இருக்கு. அட்டை எங்க ஆபீஸ் கொடுத்தது இல்ல, அதைக் கொடுத்த இடத்துலயே திருத்திக்குங்க," என்றார். இங்கே வேலை செய்தவர்களுக்கென்று இரண்டு அறைகள் ஒதுக்கியிருந்தார்களாம். அறுபதைத் தாண்டிய வேலையாள் ஒருவரும் இருக்கக் கூடாது என்பதால் கேட்க ஆளே வரவில்லை. "ஆனா வேலை இன்னையோட நிக்கணும்மா."

பெரியம்மா தலையசைத்தாள். ஒதுக்கீட்டுத் தாளில் மூலை அறையின் எண் இருந்தது.

முற்றத்தில் மேஸ்திரி, "என்ன, ஒரே நாள்ல ஆறு வயசு ஏறிடுச்சாமே?" என்று கத்தினார்.

"உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்தே ஏறிடுச்சு," என்று சொல்லிச் சுத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

அறையைப் பார்க்க மாடிப்படி ஏறினோம். பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இரு. முழங்கால் வலிக்குது."

"எப்போலேர்ந்து?"

"ஏழெட்டு வருஷமா."

"ஏன் பெரியம்மா சொல்லல?"

"அம்பது வயசு கூட ஆகாதவளுக்கு முழங்கால் வலிச்சா வேலை குடுப்பாங்களா?"

படியிலேயே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.