விழிஞ்ஞத்துக் கூடத்துக்கு ஆள் எடுத்த கதை

கரமனையில் எங்கள் பரிசோதனைக் கூடம் ஒரு வாடகை வீட்டில்தான் நடந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் கொண்டுவரும் கான்கிரீட் கட்டைகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்வது எங்கள் வேலை. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தபின் அந்தப் பக்கம் கட்டுமானம் பெருகியது. அங்கே இன்னொரு கூடம் திறக்க முதலாளி முடிவு செய்தார். பொறுப்பு எனக்கு. ஆள் எடுக்கும்போது மட்டும் மேனேஜரும் கூட உட்கார்ந்தார். அவர் நாகர்கோவில்காரர்.

வந்தவர்களில் விழிஞ்ஞத்து மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சிவில் டிப்ளமோ. கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். அவள் வெளியே போனதும் மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

"பிள்ளை மிடுக்கிதான். ஆனா ஒரு கட்டை எட்டு கிலோ, கேட்டியளா? நாள் பூரா தூக்கணும். பொம்பளப் பிள்ளைக்குச் சரிப்படாது."

நான் எழுந்துபோய்ப் பக்கத்து அறையிலிருந்து ஒரு கட்டையைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் வைத்தேன். டீ கிளாஸ் குலுங்கியது.

"இங்க சேர்ந்த நாள்லேந்து நான்தான் தூக்கறேன். சார் கண்டதில்லையோ?"

அவர் முகம் கறுத்தது. "உங்க காரியம் வேற, மேடம். அங்க லேடீஸுக்கு டாய்லெட்கூட இல்ல."

"அப்போ நான் எங்க போறதாம்?"

பொறுப்பை என்னிடம் கொடுத்தவர்கள் யாரும், நாள் முழுக்க அங்கே இருக்கப்போகிறவள் நான் என்று யோசிக்கவே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆத்திரம் பொங்கியது.

"டாய்லெட் கட்டணும். அந்தப் பொண்ணையும் எடுக்கணும். இல்லேன்னா நான் விழிஞ்ஞம் போகலை."

கட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

விஷயம் முதலாளி வரை போனது. "இது வெறும் வாசியாக்கும், வீண் பிடிவாதம்" என்றார்.

"ஆமா சார், வாசிதான்" என்றேன்.

கழிப்பறை கட்டி முடித்த பிறகுதான் கூடம் திறந்தது. அவள் சேர்ந்தாள். வேலை கூடக்கூட மறுபடியும் ஆள் எடுத்தோம். அவள் தெருவிலிருந்தே இன்னும் சில பெண்கள் வந்தார்கள்.

ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் உள்ளே வந்து, அவளைப் பார்த்து, "சாரைக் கூப்பிடு" என்றார்.

அவள் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இங்க சார் இல்ல. மேடம் உண்டு, பின்ன நான் உண்டு. என்ன வேணும்?"