தொண்ணூற்றொன்பது வினாடி மரியாதை

எங்கள் பர்மா நகரத்தின் பசுந்தாங் பேட்டையில், பழைய கேம் டிஸ்க் விற்கும் பாய் கடையில் இன்று யுத்தம்.

ஜப்பானில் நாலு நண்பர்கள், கம்பெனி எதுவும் இல்லாமல், தாங்களே உருவாக்கிய ஒரு 2டி சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம். இருந்தது ஒரே டிஸ்க். கேட்டு வந்ததோ நானும், ஊரின் மறுகோடி ஷ்வேப்யிதாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த செல்வமும்; பர்மிய மரியாதைப்படி 'கோ' சேர்த்து, கோ செல்வம்.

"விளையாடுங்க. ஜெயிக்கிறவருக்குத்தான் டிஸ்க்," என்றார் பாய்.

நமக்குத்தான் 'ஆனாடே' ஆயிற்றே! அடுத்தவர் மனம் நோகுமோ என்று கையைக் கட்டிப்போடும் பர்மியக் கூச்சம்.

"தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. நீங்க முதல்ல அடிங்க, கோ செல்வம்."

"ஐயோ, நீங்க பெரியவங்க. நீங்க அடிங்கண்ணே."

திரையில் இரண்டு வீரர்களும் வாளோடு முறைத்துக்கொண்டே நின்றார்கள். ஆட்டத்துக்கான தொண்ணூற்றொன்பது வினாடியும் தீர்ந்தது. யாருக்கும் வெற்றி இல்லை என்று திரை சொன்னது.

"ரெண்டு பேருமே தோத்தாச்சு," என்று பாய் டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். எப்படித் தப்பித்தாரோ!

வெளியே வந்தோம். பஸ் வந்தது.

"நீங்க ஏறுங்க, கோ செல்வம்."

"நீங்க முதல்ல ஏறுங்கண்ணே."

பஸ் போய்விட்டது.

இதை நிறுத்தத்தில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் வந்து எங்களில் ஒருவரைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். முதலில் அவரை.