கேமரா யார் பக்கம்

நானும் என் ஓரகத்தியும் திண்டிவனத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கொழுந்தனாரின் மனைவி அவள், என்னைவிடச் சின்னவள். என் மகள் சிங்கப்பூரில், அவள் மகள் துபாயில். கைப்பேசியில் பிள்ளைகளின் முகம் எங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதனால் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவள் மகன், ஒரே கம்ப்யூட்டரை இரண்டு பேருக்குமாக அமைத்துக் கொடுத்தான். ஆளுக்கு ஒரு திரை, மவுஸ், மைக், ஸ்பீக்கர். வயர் சொருக ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி.

“இந்தப் பொட்டியில எத சொருகுனாலும் உங்களுது, பெரிம்மா. அதுல சொருகுனா அம்மாவுது. கம்ப்யூட்டருக்கு அப்பிடிப் பிரிச்சிச் சொல்லி வச்சிக்கிறேன்.”

கேமரா மட்டும் ஒன்றுதான்.

“என் பக்கம் வையிடா,” என்றாள் ஓரகத்தி. “போட்டோன்னாலே கதவு பின்னாடி போய் நின்னுக்குற ஆளு. அக்காவுக்கு எதுக்கு?”

உண்மைதான் என்பதால் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது. மகன் வாராவாரம் வந்து அவள் கையால் சாப்பிட்டுப் போகிறான். மகளுக்கும் தினம் முகத்தைக் காட்டுகிறாள். வாங்கின கீரையை, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை, புதுச் சட்டையைக்கூடக் காட்டுகிறாள். என் மகளோ, “இளைச்சிட்டியாம்மா? ஒண்ணும் தெரியலியே,” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணையோடு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்க, ஓரகத்தி எல்லா வயரையும் பிடுங்கித் துடைத்தாள். திரும்பக் கைக்கு வந்தபடி சொருகினாள்.

சாயங்காலம் என் மகள் கூப்பிட்டாள்.

“எம்மா, கொரலு உன்னுது, மொகம் சித்தியுதா இருக்குதே!”

என் திரையின் மூலையில், நான் இருக்க வேண்டிய இடத்தில் ஓரகத்தி. கேமரா அவள் திரைமேலேயே உட்கார்ந்திருந்தது. வயர் என் பெட்டியில் இருந்தது.

“சித்தி, ஒரு நரை இல்லியே உங்களுக்கு!”

“மருதாணிடி, மருதாணி!” முடியை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினாள். இருவரும் பேசிச் சிரித்தார்கள். என் மகள் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை.

எழுந்து போய்க் கேமராவைக் கழற்றினேன்.

“யக்கா, என்னா பண்ற?”

“என் பொட்டியில சொருகிக்கீது. என்னுது.”

“நான் தெரியாம சொருகுனது!”

கேமராவை என் திரைமேல் வைத்தேன். திரை மூலையில் விட்டம் தெரிந்தது, சாமிப்படம் தெரிந்தது, பிறகு நான். முகத்தை மூட முந்தானைக்குப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“எம்மா,” என்றாள் மகள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என்னையே பார்த்தாள்.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.