கை நனைக்க வந்த நாள்

நைனா என்று நான் கூப்பிட்ட என் அப்பாவிடம் இரண்டு துண்டுகள் இருந்தன. வெள்ளைத் துண்டு பஜாருக்கு, சிவப்புக் கட்டம் போட்டது அடுப்புக்கு. வெள்ளையைத் தோளில் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் அவர் செஞ்சி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி. கட்டம் போட்டதைத் தலையில் சுற்றிக்கொண்டு கொல்லைக் கிணற்றடியில் குந்தினால், சாம்பலும் கல்லுப்பும் போட்டு மீனைக் கல்லில் தேய்க்கும் எங்கள் வீட்டுச் சமையல்காரர். இரண்டு துண்டுகளும் ஒரே கொடியில் காயாது. வெள்ளை தெருப்பக்கம் காயும். கட்டம் போட்டது கொல்லையில், முருங்கை மரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் காயும். அப்படி ஒளித்துக் காயப்போட அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களில் அதுவும் ஒன்றாக எங்கள் வீட்டில் இருந்தது.

அம்மாவுக்கு இழுப்பு. ஈர விறகின் புகை ஒரு மூச்சு உள்ளே போனால் போதும், அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியேதான் விடிய வேண்டும். நான் அடுப்புப் பக்கம் போனால் எனக்கும் அந்த இழுப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நைனா ஒரு பயம் வைத்திருந்தார். டாக்டர் சொன்னதல்ல, அவராக வைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரியிடம் வேலை பார்த்தவர் அவர். உப்பளத்துப் பக்கம் ஆறேழு இளவட்டங்கள் ஒரு கொட்டகையில் தங்கி, முறை வைத்துப் பொங்கித் தின்றார்களாம். அங்கே படிந்த கை. செஞ்சியில் கடலும் இல்லை, கடல்காற்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, அந்தப் பாறைமேல் கோட்டை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனத்து பஸ் வந்து நின்று, அதன் தலைமேலிருந்து மீன்கூடை இறங்கியதும், தண்ணீர் சொட்டும் அந்த ஓலைக்கூடைக்கு முன்னால் நைனா நின்றிருப்பார்.

பெரிய சமையல் ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிற மனிதருக்கு அவ்வளவு நேரம் ஏது? நெத்திலி என்றால் ஒரு கொதி. சங்கரா என்றால் புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, கொதித்து எண்ணெய் மிதந்ததும் மீனை வழுக்கி விட்டு, கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. எறா கிடைத்தால் சின்ன வெங்காயத்தோடு தொக்கு. ஒன்றும் கிடைக்காத வாரத்தில் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாடு. அடுப்பு கொல்லைக் கொட்டகையில் இருந்ததால் வாசனை வேலி தாண்டிப் போகும். பக்கத்து வீடுகளிலிருந்து கிண்ணம் வரும். "கொஞ்சம் கொழம்பு குடுத்தனுப்புங்க, புள்ள சோறு துன்னமாட்டேங்குது" என்பார்கள். யார் வைத்த குழம்பு என்று மட்டும் கேட்கமாட்டார்கள். தெரிந்தே கேட்காமலிருந்த அந்தப் பெண்களின் பண்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்கள் கேட்டிருந்தால் நாங்கள் எப்போதோ பழகியிருப்போம்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த அந்த அறுபதுகளின் நடுவில் எனக்கு வல்லத்திலிருந்து ஒரு இடம் வந்தது. கொண்டுவந்தவள் அத்தை, நைனாவின் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் மணிலாக் கடலை பயிரிடுகிறவர்கள். பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அடுத்தது கை நனைப்பது. எங்கள் பக்கத்தில் பேச்சு முடியும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்கப்புறம் பின்வாங்குகிறவன் மனுஷனே இல்லை. அன்றைக்கு மரக்கறியும் பாயசமும்தான் வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா, பிற்பாடு என் மாமனார், நாக்கு நீண்ட மனிதர். "உங்க வூட்டு மீன் கொழம்பப் பத்தி பஜார்ல ஒரே பேச்சா இருக்குது. பாயசம் யாருக்கு வேணும்? மீனப் போடுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். அத்தை வாய் தவறவில்லை, யோசித்தே சொன்னாள்: "அதெல்லாம் எங்க பொண்ணு கைப்பக்குவம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாங்கள் எல்லோரும் குடியேறினோம்.

அந்த நாள் காலை அத்தை என்னைப் பட்டுப்புடவையில் நிறுத்தி, அடுப்புக்கரியை விரலால் தொட்டு என் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தாள். முன்கையில் மஞ்சள்தூளைத் தேய்த்தாள். "இப்பதான் சமைச்சு முடிச்சவ மாரி இருக்குது" என்று தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொல்லையில் நைனா விடிந்ததிலிருந்து குந்தியிருந்தார். குழம்பு முடிந்துவிட்டது. வஞ்சிரம் மட்டும் பந்தி நடக்க நடக்கச் சூடாகப் பொரித்துப் போட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆறின மீனைச் சம்பந்திக்கு வைப்பதா? அதனால் அவர் தலைத்துண்டை அவிழ்த்து, வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்கட்டுக்கு ஓடிவருவார், "வாங்க, நல்லா போட்டுக்குங்க" என்று கையைக் கூப்புவார், கல்லில் மீன் கருகும் நினைப்பு வந்ததும் மறுபடி கொல்லைக்கு ஓடுவார்.

முதல் பந்தி ஆண்களுக்கு. மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். என் மாமனார் தலை நிமிர்ந்து, விரல்களை நக்கி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கமெண்ட் சொல்லிச் சாப்பிட்டார். நைனா மூன்றாம் முறையோ நான்காம் முறையோ கொல்லைக்கு ஓடியபோது மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, சம்பந்திக்கு வயிறு சரியில்லையா? கொல்லப்பக்கமே ஓடினு இருக்காரு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அத்தை கரண்டியோடு ஒரு கணம் நின்றாள். "ஆமாங்க, ரெண்டு நாளா கொஞ்சம் அப்படித்தான் இருக்குது" என்றாள்.

"பாவம். மீனு அவருக்கு ஆகாது போல. அந்தத் துண்டயும் எனக்கே வையி."

கதவிடுக்கில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நைனாவை வயிற்றுப்போக்குக்காரராக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன் என்பதல்ல. சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பொய் நின்றதே என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அடுப்பு ஊதுகிறார் என்று தெரிவதைவிட வயிறு கெட்டவர் என்று நினைத்துக்கொள்ளட்டும். பதினெட்டு வயதில் எனக்கு எது கௌரவம் என்று அப்படித்தான் தெரிந்திருந்தது.

கெடுத்தது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. மாப்பிள்ளையின் அம்மாவுடைய நல்ல மனசு. பெண்களுக்கு இரண்டாம் பந்தி என்பதால் அவர் இன்னும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று காதில் விழுந்ததும் எழுந்தார். "ஓமம் இருக்குதா வூட்ல? ஒரு வாய் மென்னு தண்ணி குடிச்சா நின்னுடும்" என்று அம்மாவிடம் கேட்டு, ஒரு கை ஓமத்தை வாங்கிக்கொண்டு, தடுப்பதற்குள் கொல்லைப்பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நைனா எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார். தலையில் கட்டம் போட்ட துண்டு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். வெள்ளைத் துண்டு கிணற்றுச் சகடையில் தொங்கியது. கல்லில் நான்கு துண்டு மீன் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முதுகை நான் அதற்கப்புறம் யாரிடமும் பார்த்ததில்லை.

"இன்னா சம்பந்தி இது?"

திரும்பியவர் கையில் தோசைத் திருப்பியோடு எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லைங்க. பாப்பாதான் எல்லாம் செஞ்சிது. தீ எரியலன்னுது, சும்மா தள்ளி வுடலாம்னு வந்தேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கன்னத்துக் கரியைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில், "அப்படியா? அப்பா எழுந்துட்டாரு, மீனு கருகிடும். நீ திருப்பு, பாக்கலாம்" என்றார்.

நான் திருப்பினேன். மீன் வரவில்லை. தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டது, சதை மட்டும் இரண்டாகப் பிளந்து வந்தது. எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டது. நைனா "அய்யோ, கண்ணு" என்று என் கையிலிருந்து திருப்பியைப் பிடுங்கினார். அந்தப் பிடுங்கலில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "எங்க வூட்ல நைனாதான் சமைப்பாரு. எப்பவும் அவர்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் உண்மையை எத்தனை விதமாகச் சொல்லலாம்! பெருமையாகச் சொல்லியிருக்கலாம், அம்மாவின் மூச்சைச் சொல்லியிருக்கலாம். பஜாரில் திருடனைப் பிடித்துக்கொடுப்பது போல அதைச் சொன்னேன். நைனா என்னைப் பார்க்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்தார், எதைத் துடைப்பதென்று தெரியாமல் சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கையிலிருந்த ஓமத்தைக் கிணற்று மேடையில் கொட்டிவிட்டு முன்கட்டுக்குப் போனார். "எழுந்திருங்க" என்றார்.

"ஏய், இன்னாடி? சாப்ட்டுனு இருக்கோம்!"

"அவரு அடுப்பு ஊதினு இருக்காரு. பொண்ணுக்கு ஒரு மீனத் திருப்பத் தெரியல. எழுந்திருங்க."

"அடிப் பைத்தியக்காரி, கை நனைச்சாச்சு!"

"நீங்க நனைச்சீங்க. என் கை இன்னும் நனையல."

முதல் பந்தியில் ஆண்கள் நனைத்த கை போதுமா, வீட்டுக்காரியின் கையும் நனைய வேண்டுமா என்பது அதுவரை எங்கள் ஊரில் எவரும் கேட்டிராத கேள்வி. அந்தப் பதில் இல்லாத இடத்தின் வழியாகவே அவர்கள் எழுந்து, கை கழுவி, வல்லத்து பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். மாமனார் மட்டும் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, ஏப்பம் விட்டார்.

அப்புறம் பஜார். "முதலாளி, இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். "நம்ம வூட்டுக்காரிக்கும் ஒடம்பு சரியில்ல, ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன்" என்பார் இன்னொருவர். நைனா சிரிப்பார். அவர் சிரித்ததை எனக்குச் சொன்னவர்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

ஒரு மாதம் போலக் கழித்து என் மாமனார் தனியாக வந்தார். "நான் கை நனைச்சவன். ஊருல நாளைக்கி எம்பேச்ச எவன் நம்புவான்?" என்றார். கொஞ்சம் தயங்கி, "அவ ஒண்ணே ஒண்ணு சொல்றா. பொண்ணு வர்லாம். ஆனா அந்தச் சமாசாரம் எங்க ஊர்ல எவன் காதுலயும் வுழக்கூடாது" என்றார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "வுழாதுங்க" என்றார். எனக்கு வாழ்க்கை கிடைத்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் சங்கடம்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே நைனா கொட்டகை அடுப்பை இடித்துவிட்டு வீட்டுக்குள் புது அடுப்புப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டார், கொல்லைக் கதவையும் சாத்தினார், பிறகுதான் குந்தினார். வாசனை வேலி தாண்டவில்லை. கிண்ணங்கள் வருவதும் நின்றது. புகை போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. முதல் மறுவீட்டுக்கு நான் வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். "கதவத் தொறய்யா, யாரு வந்து இன்னா பண்ணிடப் போறாங்க" என்றாள். அவள் மூச்சுக்காகச் சமைக்க உட்கார்ந்த மனிதர் என் பேருக்காகக் கதவைச் சாத்தினார். திறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கூட வந்திருந்தார்.

இப்போது அவர்கள் யாரும் இல்லை. நைனா போய், அம்மா போய், மாமனார் போய், போன வருஷம் மாமியாரும் போய்விட்டார். யாருக்கும் மறைக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை. வல்லத்தில் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, புகை இல்லை. எனக்கு விரல் மூட்டுகளில் வலி வந்துவிட்டதால் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அருவாமனையை இழுத்துப் போட்டுக்கொண்டு மீன் கழுவ உட்கார்ந்தார். அன்று பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்ட அதே மனிதர். நல்ல சங்கரா. செதிலைத் தாறுமாறாகச் சீவிக்கொண்டு, "உங்க நைனா வச்ச மாரி வைக்கணும், எப்பிடின்னு சொல்லு" என்றார். தெருவில் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏன் சாத்தற? காத்து வரட்டுமே" என்றார் அவர், கையில் மீனோடு, ஒன்றும் புரியாமல்.

தெருவில் வந்தவர்கள் கடந்து போய்விட்டார்கள். தாழ்ப்பாளிலிருந்து என் கை இன்னும் இறங்கவில்லை.